கணினிப் புதிர் விளையாட்டுகள்: நல்லதைத் தேர்ந்தெடுப்பதும் நிதானமாக ஆடுவதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்த காலத்தில், 1990-களின் நடுவில், எங்கள் மேசைக்கு முதல் கணினி வந்து சேர்ந்தது. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரப்பட்டை நனைந்துவிடும், பால் வெட்டு நின்றுவிடும், பெரட்டு என்னும் காலைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். அத்தகைய காலைகளில் எழுத வேண்டிய கணக்கும் குறைவாகவே இருக்கும். மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த என் கைக்கு, ஒன்றைப் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விடும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது சாலிட்டேர் என்னும் சீட்டு விளையாட்டுத்தான். 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த அந்த விளையாட்டை எழுதியவர் வெஸ் செர்ரி என்னும் பயிற்சி ஊழியர் என்பதும், அதன் சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர் என்னும் ஓவியர் என்பதும் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது.

அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பட்டணத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், குடியேறினேன். மேசைக் கணினி போய் மடிக்கணினி வந்தது. இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் ஒரு புதிரோடு உட்கார்வது மட்டும் மாறவில்லை. எந்த விளையாட்டு நல்லது, எப்படி ஆடுவது என்று உறவினரும் அண்டை வீட்டாரும் அடிக்கடி கேட்பதால், என் அனுபவத்தில் உறுதிப்பட்டவற்றை முறையாக எழுதுகிறேன். பழைய கணினி, விட்டுவிட்டு வரும் இணையம், கொஞ்ச நேர ஓய்வு ஆகியவற்றை மட்டும் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியது இது.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஒரு புதிர் விளையாட்டை மதிப்பிட நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: தோற்றுப்போனால், எந்த இடத்தில் தவறினேன் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியுமா? முடியும் என்றால் அந்த விளையாட்டை மறுநாளும் திறக்கலாம், ஏனென்றால் நேற்றைய தோல்வியிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. எங்கே தவறினோம் என்றே தெரியாமல் தோற்கவைத்து, எப்படி என்றே தெரியாமல் ஜெயிக்கவைக்கும் விளையாட்டு எவ்வளவு அழகாக மின்னினாலும் அது புதிர் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, கொடுக்கப்பட்ட புதிருக்கு விடை உண்டா என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்வி கணினியைவிடப் பழையது. நான்குக்கு நான்கு கட்டத்தில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட துண்டுகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் பதினைந்து துண்டுப் புதிர் 1880-இல் அமெரிக்காவில் பெரும் மோகமாகப் பரவியது. அதில் 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டு மற்றவற்றைச் சரியாக அடுக்கிக் கொடுத்தால், எத்தனை ஆண்டு நகர்த்தினாலும் விடை வராது. அந்தத் துண்டுகளைப் பிரித்தெடுத்து மனம்போனபடி அடுக்கினால் அமையக்கூடிய நிலைகளில் சரிபாதி தீர்க்கவே முடியாதவை என்று கணிதம் காட்டுகிறது. கணினியில் இதே புதிரை எழுதுபவர் இதைக் கவனிக்காமல் துண்டுகளைக் கலைத்துப் போட்டால், ஆடுபவர் இல்லாத விடையைத் தேடி இரவெல்லாம் விழித்திருக்க நேரும். விடை உண்டு என்று உறுதி தரும் விளையாட்டை எடுத்துக்கொள்வது ஆடுபவருக்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவதாக, நினைத்த நேரத்தில் மூடிவைக்க முடிய வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கும், வாசலில் ஆள் கூப்பிடும், மின்சாரம் போகும். பாதியில் விட்டதை அப்படியே வைத்திருந்து மறுநாள் எடுத்துத் தரும் விளையாட்டே வீட்டுக்கு ஏற்றது. கடைசி நகர்த்தலைத் திரும்பப் பெறும் அன்டூ வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை. தவறிய இடத்துக்குத் திரும்பிச் சென்று வேறு வழியைப் பார்ப்பதுதான் கற்பதற்கான வழி.

ஃப்ரீசெல்: நான் முதலில் பரிந்துரைப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் திறந்து காட்டுவது ஃப்ரீசெல். 52 சீட்டுகளும் தொடக்கத்திலேயே முகம் தெரியும்படி எட்டு வரிசைகளாக விரிக்கப்படுகின்றன. முதல் நான்கு வரிசைகளில் ஏழேழு சீட்டு, மற்ற நான்கில் ஆறாறு. மறைவாக எதுவும் இல்லாததால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல இடமில்லை. மேலே ஒரு பக்கம் ஒவ்வொரு சீட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் நான்கு காலி அறைகள். மறுபக்கம் ஏஸில் தொடங்கி ராஜா வரை ஏற்றிச் செல்ல வேண்டிய நான்கு இடங்கள். வரிசைகளுக்குள் கறுப்பின்மேல் சிவப்பும் சிவப்பின்மேல் கறுப்புமாக இறங்குவரிசையில் அடுக்கலாம். விதி இவ்வளவுதான்.

இதை 1978-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்னும் கணினி அமைப்புக்காக எழுதியவர் பால் அல்ஃபில். பின்னர் ஜிம் ஹோர்ன் எழுதிய விண்டோஸ் பதிப்பில் 1 முதல் 32,000 வரை எண்ணிட்ட ஆட்டங்கள் இருந்தன. அந்த 32,000-இல் விடையே இல்லாத ஆட்டம் ஒன்றே ஒன்று, அதன் எண் 11982. பிற்காலப் பதிப்பில் எண்கள் பத்து இலட்சம் வரை விரிந்தபோதும் தீர்க்க முடியாதவை மொத்தம் எட்டே எட்டு. ஆகவே உங்கள் முன்னால் விரிந்திருக்கும் ஆட்டத்துக்கு விடை உண்டு என்று ஏறத்தாழ உறுதியாக நம்பி உட்காரலாம். இந்த நம்பிக்கை ஆடுபவரின் பொறுமையை எவ்வளவு நீட்டிக்கிறது என்பதை ஆடிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

ஆடும் முறைக்கு வருகிறேன். முதல் இரண்டு நிமிடம் மவுஸில் கை வைக்காதீர்கள். நான்கு ஏஸ்களும் எந்தெந்த வரிசையில், எத்தனை சீட்டுக்கு அடியில் புதைந்திருக்கின்றன என்று பாருங்கள். பிறகு 2, 3 ஆகியவற்றைத் தேடுங்கள். எந்த வரிசையைத் தோண்டினால் ஏஸும் கிடைக்கும், வரிசையும் காலியாகும் என்று முடிவு செய்துகொண்ட பிறகே முதல் சீட்டைத் தொடுங்கள்.

என் தங்கை ஒருநாள் மாலை, "அண்ணே, நாலே நகர்த்தலில் நின்றுபோய்விட்டது, இதற்கு விடையே இல்லை போலிருக்கிறது," என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். அவர் தேடிய இஸ்பேட் ஏஸ் ஒரு வரிசையில் நான்கு சீட்டுக்கு அடியில் இருந்தது. வெளியிலிருந்து உள்ளே வரிசையாகச் சொன்னால், கறுப்பு 8, சிவப்பு 9, ஒரு ராஜா, சிவப்பு 4, அதற்கடியில் ஏஸ். அவர் 8-ஐயும் 9-ஐயும் ராஜாவையும் ஒவ்வொன்றாக அறைகளுக்குத் தூக்கிவிட்டு, 4-ஐ வேறொரு வரிசையில் இருந்த கறுப்பு 5-இன்மேல் வைத்து ஏஸை எடுத்திருந்தார். ஏஸ் கிடைத்தது உண்மைதான். ஆனால் நான்கு அறைகளில் மூன்று நிறைந்துவிட்டன, அதற்குமேல் எதையும் புரட்ட முடியவில்லை. தொடக்கத்துக்குத் திரும்பிப் பார்த்தபோது, மூன்றாம் வரிசையின் முனையில் கறுப்பு 10 ஒன்று வெளியே தெரிந்தபடி உட்கார்ந்திருந்தது. சிவப்பு 9-உம் அதன்மேல் இருந்த கறுப்பு 8-உம் ஏற்கெனவே சரியான வரிசையில் இருந்ததால் இரண்டையும் சேர்த்தே அந்த 10-இன்மேல் வைக்கலாம். ராஜாவுக்கு மட்டும் ஓர் அறை. 4 முன்போலவே 5-இன்மேல். அதே ஏஸ்தான் கிடைக்கிறது. செலவான அறை மூன்றுக்குப் பதில் ஒன்று. "இது முதலிலேயே என் கண்ணில் படவில்லையே," என்றார். படாததற்குக் காரணம், சீட்டுகளைப் பார்ப்பதற்கு முன்பே கை நகர்ந்துவிட்டதுதான்.

அறைகளை அவசரச் செலவுக்கு வைத்திருக்கும் கையிருப்பாக எண்ணுங்கள். அதைவிட மதிப்பு உடையது முழுவதும் காலியான ஒரு வரிசை. எத்தனை சீட்டைச் சேர்த்து நகர்த்தலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. காலியாக உள்ள அறைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலி வரிசை ஒன்று இருந்தால் அதை இரட்டிப்பாக்குங்கள், இரண்டு இருந்தால் மீண்டும் இரட்டிப்பாக்குங்கள். இரண்டு அறைகள் மட்டும் காலி என்றால் மூன்று சீட்டு. அதோடு ஒரு வரிசையும் காலி என்றால் ஆறு. காலி வரிசைக்கே சீட்டுகளைக் கொண்டுபோகும்போது அந்த வரிசையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்தக் கணக்கு மனத்தில் படிந்துவிட்டால், வரிசை காலியானதும் கையில் கிடைத்த ராஜாவைத் தூக்கி அதில் வைத்துவிடும் அவசரம் தானாகக் குறையும்.

மைன்ஸ்வீப்பரை எண்களால் படிப்பது

கண்ணிவெடி மறைந்திருக்கும் கட்டங்களை விட்டுவிட்டு மற்றவற்றை எல்லாம் திறக்கும் மைன்ஸ்வீப்பர் 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் பரவியது. கண்ணிவெடி என்ற பெயரைக் கேட்டதும் இதைக் கண்மூடித்தனமான சூதாட்டம் என்று எண்ணி ஒதுக்குபவர்கள் பலர். அது முழு உண்மையன்று. இது பெரும்பாலும் கழித்தல் கணக்கு. திறந்த கட்டத்தில் தெரியும் எண், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை வெடி உண்டு என்று சொல்கிறது. தொடக்க நிலையில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் 10 வெடிகள், நடுநிலையில் பதினாறுக்குப் பதினாறில் 40, உயர்நிலையில் முப்பதுக்குப் பதினாறில் 99. நடுநிலையில் நூறு கட்டத்துக்கு ஏறத்தாழ 16 வெடி என்றால் உயர்நிலையில் 21. கட்டம் பெரிதாவதைவிட வெடி நெருக்கமாவதே கடினத்துக்குக் காரணம். ஆகவே நடுநிலையில் நன்றாகத் தேறாமல் உயர்நிலைக்குத் தாவாதீர்கள்.

திறக்காத கட்டங்கள் நேர்க்கோட்டில் சுவர்போல் நிற்க, அதன் ஓரமாக 1, 2, 1 என்று மூன்று எண்கள் வரிசையாகத் தெரிந்தால், அந்த இடத்தில் ஊகிக்கவே தேவையில்லை. நடுவில் உள்ள 2-க்கு நேரெதிர்க் கட்டத்தில் வெடி இருப்பதாகச் சற்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டம் இரு பக்கத்து 1-களையும் தொடுவதால், இரண்டு 1-களும் அந்த ஒரே வெடியோடு நிறைவாகிவிடும். அவற்றுக்கு நேரெதிர்க் கட்டங்களில் வெடி இருக்க முடியாது. அப்படியானால் 2-க்குக் கிடைப்பது ஒரு வெடிதான், கணக்கு உதைக்கிறது. எனவே 2-க்கு எதிரே வெடி இல்லை, இரண்டு 1-களுக்கும் எதிரே உண்டு. இதே வழியில் 1, 2, 2, 1 என்று வந்தால் இரண்டு 2-களுக்கும் எதிரே வெடி இருப்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். கட்டத்தின் மூலையை ஒட்டிய சுவரில் 1, 1 என்று தொடங்கினால் மூன்றாவது கட்டம் பத்திரமானது. 1, 2 என்று தொடங்கினால் மூன்றாவதில் வெடி. இந்த நான்கு அமைப்புகளையும் ஒரு வாரம் கவனமாகத் தேடி ஆடினால், அதன்பின் கண்ணே அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடும்.

இந்த விளையாட்டின்மேல் எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சரியாகக் கணக்கிட்டு வந்த பிறகு, கடைசியில் மூலையில் இரண்டு கட்டங்கள் மிஞ்சி, இதிலா அதிலா என்று எந்த எண்ணும் சொல்லாமல் நின்றுவிடும். அரை மணி நேர உழைப்பு அங்கே பூவா தலையாவில் போய் முடிகிறது. என் முதல் கேள்வியின்படி இது குறைதான். ஆனால் அதற்கு மருந்தும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த நிரலாளர் சைமன் டேத்தம் எழுதி இலவசமாக வழங்கும் புதிர்த் தொகுப்பில் உள்ள மைன்ஸ், ஊகிக்காமலேயே முழுவதும் தீர்க்கக்கூடிய கட்டங்களை மட்டுமே உருவாக்கித் தருகிறது. முதல் கட்டத்தைத் திறந்தபின் எல்லாவற்றையும் அறிவால் தீர்க்கலாம். தோற்றால் முழுப் பொறுப்பும் நம்முடையது.

அந்தத் தொகுப்பைப் பற்றி இன்னும் சில வரிகள் எழுதாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. ஏறத்தாழ நாற்பது புதிர்கள், விளம்பரம் கிடையாது, பணம் கேட்பது கிடையாது, இணையம் இல்லாமலேயே ஓடும், மிகப் பழைய கணினியும் தாங்கும். அழகுபடுத்திய படங்களையும் இசையையும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். கோடுகளும் கட்டங்களும் மட்டுமே இருக்கும். அதில் நெட் என்னும் புதிரில், கட்டங்களைச் சுழற்றிச் சுழற்றி எல்லாக் குழாய்களும் நடுவில் உள்ள ஒரே மூலத்தோடு இணையும்படி செய்ய வேண்டும். ஓரத்துக் கட்டங்களிலிருந்து தொடங்குங்கள். குழாய் சுவரைப் பார்த்து நிற்க முடியாது என்பதால் அங்கே வழிகள் குறைவு. உறுதியான கட்டத்தைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.

சோக்கோபான்: தள்ள மட்டுமே முடியும்

ஜப்பானில் 1982-இல் வெளிவந்த சோக்கோபானை உருவாக்கியவர் ஹிரோயுகி இமபயாஷி. கிடங்குக் காவலர் ஒருவர் பெட்டிகளைத் தள்ளிக் குறித்த இடங்களில் சேர்க்க வேண்டும். இழுக்க முடியாது, இரண்டைச் சேர்த்துத் தள்ளவும் முடியாது. செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் குறுகிய வரப்பில் போனவர்களுக்கு இதன் நெருக்கடி சொல்லாமலே விளங்கும்: முன்னால் வடிகால் இருப்பதைப் பார்க்காமல் தள்ளிவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை.

மூலையில் போய் ஒட்டிக்கொண்ட பெட்டி அங்கேயே கிடக்கும். சுவரோரம் போன பெட்டி அந்தச் சுவரை ஒட்டி மட்டுமே நகரும், ஆகவே அந்த ஓரத்தில் சேர வேண்டிய இடம் இல்லையென்றால் அங்கே தள்ளவே கூடாது. சுவரோரத்தில் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நின்றாலும் இரண்டும் அசையாது. இவை மூன்றையும் தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். வழி தெரியாமல் நிற்கும்போது முடிவிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். பெட்டிகள் எல்லாம் சேர வேண்டிய இடத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவற்றை இழுத்து வெளியே கொண்டுவந்தால் எது கடைசியாக உள்ளே போயிருக்கும் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் உட்புறத்து இடத்தை முதலில் நிரப்ப வேண்டியிருக்கும்.

டெட்ரிஸ், மஜோங், 2048, சுடோக்கு

டெட்ரிஸை 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்நோவ் உருவாக்கினார். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் விழுந்துகொண்டே இருக்கும். முழு வரிசை நிரம்பினால் அது மறையும். இதற்கு முடிவு என்பதே தோல்விதான் என்பதாலும், கை வேகம் அறிவை முந்திவிடுவதாலும், மன அமைதி தேடுபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஆடத்தான் வேண்டும் என்றால், மேற்பரப்பை மேடுபள்ளம் இல்லாமல் வைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரே ஒரு நெடுக்கை மட்டும் நீளக் கோலுக்காகக் காலியாக விடுங்கள். இக்காலப் பதிப்புகள் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் கலக்கி எடுப்பதுபோல் தருகின்றன. ஒரு சுற்றில் ஒவ்வொன்றும் ஒருமுறை கட்டாயம் வரும். ஆகவே ஒரு நீளக் கோலுக்கும் அடுத்ததற்கும் இடையே அதிகம் போனால் 12 வடிவங்கள்தாம் வரும். இதைத் தெரிந்துகொண்டு காத்திருப்பது வேறு, தெரியாமல் தவிப்பது வேறு.

எங்கள் பட்டணத்துக் கடைவீடுகளின் மாடியில் சீன நண்பர்கள் நால்வராக உட்கார்ந்து மஜோங் காய்களைக் கலக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள், கணினியில் உள்ள மஜோங் சாலிட்டேரும் அதுவே என்று நினைத்துவிடுகிறார்கள். காய்கள் மட்டுமே ஒன்று. ஆட்டம் முற்றிலும் வேறு. 144 காய்களை அடுக்கிவைத்து, மேலே எதுவும் இல்லாமல் இடமோ வலமோ திறந்திருக்கும் ஒரே மாதிரியான காய்களை இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். பிரோடி லாக்கார்ட் இதை 1981-இல் எழுதியதும் ஃப்ரீசெல் பிறந்த அதே பிளேட்டோ அமைப்பில்தான். பெரும்பாலான காய்கள் நான்கு நான்கு உண்டு. நான்கும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். மூன்று திறந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்: உயரமான குவியலையும் நீண்ட வரிசைகளின் முனையையும் அடைத்து நிற்கும் இரண்டை எடுத்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒன்றை நான்காவதற்காக விட்டுவையுங்கள். கண்ணில் பட்ட ஜோடியை எல்லாம் எடுத்துக்கொண்டே போனால் இறுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒரே காய்கள் நின்று ஆட்டத்தை முடித்துவிடும்.

ஒரே எண் கொண்ட துண்டுகளை நகர்த்தி ஒன்றாக்கி 2048 வரை பெருக்கிச் செல்லும் 2048-ஐ 2014 மார்ச்சில் உருவாக்கிய கேப்ரியேல் சிருல்லி என்னும் இத்தாலியருக்கு அப்போது வயது 19. பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி, அந்த மூலையை நோக்கிய இரண்டு திசைகளிலேயே பெரும்பாலும் நகர்த்துங்கள். மூன்றாவது திசை இக்கட்டுக்கு மட்டும்; நான்காவதைத் தொடாதீர்கள். ஒருமுறை பெரிய எண் மூலையை விட்டு நகர்ந்து, அந்த இடத்தில் ஒரு 2 வந்து உட்கார்ந்துவிட்டால் அதன்பின் மீள்வது அரிது. ஒரு வாரத்தில் இதன் சாரம் கைவந்துவிடும். அதற்குமேல் எனக்கு இதில் புதுமை தென்படவில்லை.

சுடோக்குவைத் தாளிலேயே ஆடலாம் என்றாலும், இன்றைய புகழ் அதற்குக் கணினியால் வந்தது. 1979-இல் ஹோவர்ட் கார்ன்ஸ் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய புதிருக்கு ஜப்பானில் 1984-க்குப் பின் இன்றைய பெயர் வழங்கலாயிற்று. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற நியூசிலாந்துக்காரர் வேய்ன் கூல்ட் புதிர்களை உருவாக்கும் நிரலைத் தாமே எழுதி, 2004-இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் இடம்பெறச் செய்தார். ஓய்வு பெற்ற ஒருவர் இப்படி உழைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஊக்கம் பிறக்கிறது. கணினியில் ஆடும்போது, கட்டங்களில் வரக்கூடிய எண்களைத் தானாக நிரப்பிக் காட்டும் வசதியையும், தவறைச் சிவப்பில் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அவை இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் புதிரைத் தீர்ப்பது கணினி, பொத்தானை அமுக்குவது நாம்.

மூன்றைச் சேர்க்கும் விளையாட்டுகளும் பணம் கேட்கும் வழக்கமும்

ஒரே நிறக் கற்கள் மூன்றை வரிசையாகச் சேர்த்து மறையவைக்கும் வகை, 2001-இல் பிஜுவல்ட் வெளிவந்த பிறகு உலகெங்கும் பெருகியது. அதன் நேரக் கட்டுப்பாடு இல்லாத பழைய வகையை நான் விரும்பி ஆடியிருக்கிறேன். அடியிலிருந்து மேலாகத் தேடுங்கள். அடியில் சேர்த்தால் மேலே உள்ளவை எல்லாம் சரிந்து புதிய சேர்க்கைகள் தாமாக அமையும். நகர்த்த வேறு வழியே இல்லாமல் போய்விடுமோ என்று தோன்றும்போது மட்டும் மேல்வரிசைகளுக்குப் போங்கள்.

ஆனால் இன்று கைப்பேசிகளில் பரவியிருக்கும் இவ்வகை விளையாட்டுகளில் பலவற்றை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. அடுத்து விழப்போகும் கற்கள் எவை என்று நமக்குத் தெரியாது. சில நிலைகள் எத்தனை யோசித்தாலும் தேறாமல், திடீரென்று ஒருநாள் எதுவும் செய்யாமலே தேறிவிடும். சில தடவை தோற்றால் காத்திருக்கச் சொல்லும். காத்திருக்க மனமில்லாதவரிடம் பணம் கேட்கும். என் பேரன் என் கைப்பேசியில் அப்படி ஒன்றை ஆடிக்கொண்டிருந்தபோது, கூடுதல் நகர்த்தல் தருவதாகச் சொன்ன பொத்தானை நான்கைந்து முறை அமுக்கியதில் அறுபது மலேசிய வெள்ளிக்கு மேல் போய்விட்டது. "தாத்தா, அது இலவசம் என்றுதானே போட்டிருந்தது," என்று அவன் கேட்டபோது அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பொத்தானின் நிறமும் இடமும் ஒரு குழந்தை அமுக்குவதற்கென்றே அமைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுக்கும் முன் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள், அல்லது இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கொடுங்கள். இணையம் இல்லாவிட்டால் ஓடவே மறுக்கும் புதிர் எதற்காக இணையத்தைத் தேடுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கணினியை ஆயத்தம் செய்வது

மடிக்கணினியின் தடவுபலகையில் மைன்ஸ்வீப்பரோ ஃப்ரீசெல்லோ ஆட முயன்றால், செய்யாத தவறுக்குத் தோற்க நேரும். சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பதைக் கடந்தவர்கள் திரையின் எழுத்தளவை முதலிலேயே பெரிதாக்கிக்கொள்வது நல்லது. இஸ்பேடையும் கிளாவரையும் மாற்றிப் பார்த்துவிட்டு மூளை மங்கிவிட்டதாக வருந்துகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நிரல்களை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். ஒருமுறை அவசரத்தில் எங்கிருந்தோ ஒரு சுடோக்குவைப் பதிவிறக்கி, கணினி முழுவதும் விளம்பரம் முளைத்து, கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

நேரத்துக்கு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆட்டத்தின் எண்ணிக்கையைக் கொண்டு வரம்பு வைப்பதில்லை, ஏனென்றால் "இன்னும் ஒன்று" என்று மனம் பேரம் பேசும். அரை மணிக்குக் கடிகாரத்தை வைத்துவிட்டு, ஒலித்ததும் எந்த நிலையில் இருந்தாலும் மூடிவிடுகிறேன். நின்றுபோன ஃப்ரீசெல் ஆட்டம் மறுநாள் காலை பல் துலக்கும்போது தானாக விடை சொல்வது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைக் கணினியின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசெல் போல ஆட்டத்துக்கு எண் தரும் விளையாட்டுகளில் அந்த எண்ணையும், தோற்றிருந்தால் தவறிய இடத்தை ஒரே வரியிலும் எழுதுங்கள். எண் இருப்பதால் அதே ஆட்டத்தை மறுபடியும் திறக்கலாம். இருவர் ஒரே ஆட்டத்தைத் தனித்தனியாக ஆடி ஒப்பிட்டும் பார்க்கலாம். என் தங்கையின் புத்தகத்தில் "ராஜாவை அவசரப்பட்டுத் தூக்கினேன்" என்ற வரி அடுத்தடுத்து நான்கு பக்கங்களில் இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் ஆட்டத்தின் எண்ணும், அதன் பக்கத்தில் பென்சிலால் போட்ட ஒரு சரிக் குறியும் மட்டுமே இருக்கின்றன.